தீர்மானம் 435: நமீபியாவின் விடுதலை எப்படிப் பேசி முடிக்கப்பட்டது?

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1978 செப்டம்பர் 29 அன்று 435 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது. தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று அழைக்கப்பட்டுவந்த நமீபியாவில் தேர்தல் நடத்தி விடுதலை கொடுப்பதற்கான திட்டம் அது. எந்த வாரத்துக்குள் எத்தனை படையினர் வெளியேற வேண்டும், தேர்தலை யார் நடத்துவது, யார் மேற்பார்ப்பது என்பதெல்லாம் அப்போதே எழுதப்பட்டுவிட்டன. அதன்படி முதல் வேலை தொடங்கியது 1989 ஏப்ரல் 1-ல். இடையில் பத்தரை ஆண்டுகள். இத்தனை காலத்தில் திட்டத்தின் அடிப்படை அப்படியேதான் இருந்தது. அதை ஏற்பதால் யாருக்கு என்ன லாபம், மறுப்பதால் என்ன நட்டம் என்ற கணக்குதான் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு காலனிப் பகுதியின் விடுதலைப் பேச்சுவார்த்தை எப்படி நகர்கிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று படிக்க விரும்புகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

யாருடைய நிலம் என்ற வழக்கு

1884-ல் ஜெர்மனி இந்த நிலத்தைக் காலனி ஆக்கியது. 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மன் படை இனப்படுகொலை செய்தது இங்கேதான். முதல் உலகப் போரில், 1915-ல், தென்னாப்பிரிக்கப் படை ஜெர்மானியரைத் தோற்கடித்து உள்ளே வந்தது. போர் முடிந்ததும், தோற்ற நாடுகளின் காலனிகளை வென்றவர்கள் நேரடியாகச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதுதான் மேண்டேட். அதாவது, அந்தப் பகுதியை ஒரு நாடு நிர்வாகம் செய்யும். ஆனால் உரிமையாளர் ஆகிவிடாது. ஆண்டுதோறும் பன்னாட்டுச் சங்கத்துக்கு (ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக அமைப்பு) அறிக்கை கொடுக்க வேண்டும். 1920-ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்த மேண்டேட் கிடைத்தது. அதுவும் 'சி' வகுப்பு, அதாவது நிர்வாகம் செய்யும் நாட்டின் சட்டங்களையே அங்கும் செல்லுபடியாக்கலாம் என்ற தளர்வான வகை.

1946-ல் பன்னாட்டுச் சங்கம் கலைந்தது. மைனர் சொத்துக்குக் கோர்ட் நியமித்த கார்டியன், கோர்ட்டையே மூடியதும் "இனி சொத்து எனக்குத்தான்" என்று சொன்ன கதையாக, தென்மேற்கு ஆப்பிரிக்காவைத் தன்னோடு இணைத்துக்கொள்ள அனுமதி கேட்டது தென்னாப்பிரிக்கா. ஐ.நா. பொதுச்சபை மறுத்தது, பகுதியை ஐ.நா.வின் பொறுப்பாட்சி முறைக்குக் கொண்டுவரச் சொன்னது. தென்னாப்பிரிக்கா அதை மறுத்தது.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் பெரும்பாலும் சட்டச் சண்டை. 1950-ல் சர்வதேச நீதிமன்றம் ஓர் ஆலோசனைக் கருத்துச் சொன்னது: மேண்டேட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, தென்னாப்பிரிக்கா தன்னிச்சையாக அந்தப் பகுதியின் நிலையை மாற்ற முடியாது, அதேசமயம் பொறுப்பாட்சி முறைக்கு மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1960-ல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் முறைப்படி வழக்குப் போட்டன. ஆறு ஆண்டு வாதத்துக்குப் பிறகு, 1966 ஜூலை 18-ல், நீதிபதிகள் ஏழுக்கு ஏழு என்று சமமாகப் பிரிந்தார்கள். தலைமை நீதிபதியின் கூடுதல் ஓட்டால் வழக்கு தள்ளுபடியானது. காரணம், வழக்குப் போட்ட இரு நாடுகளுக்கும் இந்த விஷயத்தில் சட்டப்படியான உரிமையோ நலனோ இல்லையாம்! நிலம் யாருடையது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

அந்தத் தீர்ப்பின் விளைவு இரண்டு திசையில் வெடித்தது. ஆகஸ்ட் 26-ல் ஓமுகுலுக்வோம்பாஷே என்ற இடத்தில் நமீபிய விடுதலைக்காகப் போராடிய ஸ்வாப்போ இயக்கத்தின் ஆயுதப் போராட்டம் தொடங்கியது. அக்டோபர் 27-ல் பொதுச்சபை மேண்டேட்டையே ரத்து செய்தது. 1970-ல் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 276 வழியாகத் தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பது சட்டவிரோதம் என்றது. 1971-ல் சர்வதேச நீதிமன்றமும், இந்த முறை 13-க்கு 2 என்ற கணக்கில், அதையே உறுதிசெய்தது.

சட்டப்படி பார்த்தால் வழக்கு முடிந்தது. ஆனால் தென்னாப்பிரிக்கா நகரவில்லை. ஆலோசனைக் கருத்துக்குப் பின்னால் போலீஸ் கிடையாது. பாதுகாப்பு கவுன்சில் கட்டாயத் தடைகள் போட்டால்தான் வலிக்கும். அதற்கான தீர்மானங்களை அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் 1975, 1976, 1981 என்று திரும்பத் திரும்ப வீட்டோ செய்தன. சரியான பக்கம் சட்டம் இருப்பதும், அந்தச் சட்டத்தை நிறைவேற்றும் ஆள் இருப்பதும் வேறு வேறு என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் இந்த இடத்திலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ராஜதந்திரம் தேவைப்பட்டதே இந்த இடைவெளியால்தான்.

ஐந்து நாடுகள் தூது போன விதம்

1974-ல் போர்ச்சுகலில் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அங்கோலா விடுதலை பெற்றது. நமீபியாவின் வடக்கு எல்லைக்கு அப்பால் இனி நட்பான போர்ச்சுகீசிய நிர்வாகம் இல்லை. ஸ்வாப்போவுக்குத் தளம் கொடுக்கும் அரசும் அதற்குத் துணையாகக் கியூபப் படையும் இருந்தன. தென்னாப்பிரிக்கா பதற்றத்தில் நமீபியத் தலைநகர் வின்ட்ஹூக்கின் டர்ன்ஹாலே கட்டடத்தில் இனவாரியாகப் பிரதிநிதிகளை உட்காரவைத்து ஓர் 'உள்நாட்டுத் தீர்வு' தயாரிக்கத் தொடங்கியது. ஸ்வாப்போ அதில் இல்லை. 1976 ஜனவரியில் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 385 மூலம், ஐ.நா.வின் மேற்பார்வையிலும் கட்டுப்பாட்டிலும் நடக்கும் தேர்தலே செல்லும் என்று அறிவித்தது.

1977-ல் அப்போது பாதுகாப்பு கவுன்சிலில் இருந்த ஐந்து மேற்கத்திய நாடுகள் (அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, கனடா) ஒரு தொடர்புக் குழு அமைத்தன. அமெரிக்கத் தரப்பில் டான் மக்ஹென்றி முன்னின்றார். இந்தக் குழு நடுநிலை அமைப்பு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்குத் தடை வராமல் வீட்டோவால் காப்பாற்றிவந்ததே இவர்களில் மூவர்தான். ஆனால் அதுதான் இவர்களுடைய பலமும்: "நீங்கள் பேசவில்லை என்றால் அடுத்த முறை எங்கள் வீட்டோ இருக்காமல் போகலாம்" என்று உணர்த்தக்கூடியவர்கள் இவர்கள் மட்டுமே. ஸ்வாப்போவை வழிக்குக் கொண்டுவரும் வேலையை அங்கோலா, ஜாம்பியா, தான்சானியா, மொசாம்பிக், போட்ஸ்வானா ஆகிய 'முன்னணி நாடுகளும்' (தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து ஒன்றாக நின்ற ஆப்பிரிக்க நாடுகள்) நைஜீரியாவும் பார்த்துக்கொண்டன.

இரு தரப்பும் நேருக்கு நேர் உட்கார மறுத்தன. ஸ்வாப்போவை ஒரு தரப்பாக ஏற்றால் அதற்கு அந்தஸ்து கிடைத்துவிடும் என்று தென்னாப்பிரிக்கா நினைத்தது. தென்னாப்பிரிக்காவை நிர்வாகியாக ஏற்றால் ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஸ்வாப்போ நினைத்தது. எனவே 1978 பிப்ரவரியில் நியூயார்க்கில் 'அண்மைப் பேச்சு' நடந்தது. ஒரே ஊரில் இரு தூதுக்குழுக்களும் தனித்தனியே இருக்கும். நடுவில் ஐவர் குழு போய்ப் போய் வரும். தென்னாப்பிரிக்க வெளியுறவு அமைச்சர் பிக் போத்தா பாதியிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார். என்றாலும் யாருக்கு எது சகிக்க முடியாதது என்று ஐவர் குழுவுக்குத் தெரிந்துவிட்டது. ஏப்ரல் 10-ல் எழுத்து வடிவில் திட்டம் வந்தது.

அந்தத் திட்டத்தின் நடு ஆணி ஒரே ஒரு ஏற்பாடு. தேர்தலைத் தென்னாப்பிரிக்கா நியமித்த தலைமை நிர்வாகியே நடத்துவார். போலீசும் அவர் கையில்தான் இருக்கும். ஆனால் ஐ.நா. பொதுச்செயலரின் சிறப்புப் பிரதிநிதி ஒவ்வொரு கட்டத்திலும் அது நியாயமானது என்று திருப்தி அடைந்தால்தான் அந்த நடவடிக்கை நடைமுறைக்கு வரும். தென்னாப்பிரிக்கா "நாங்கள்தான் நடத்துகிறோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஐ.நா. "எங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் செல்லாது" என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டும் உண்மை. யார் ஆட்சியாளர் என்ற தீராத சண்டையை ஓரமாக வைத்துவிட்டு, யார் எந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற கேள்வியாக அதை மாற்றியது இந்த ஏற்பாடு. இந்தத் திட்டம் முழுவதிலும் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை வேறு இல்லை.

மற்ற பாகங்கள் இப்படி. போர்நிறுத்தம் தொடங்கும் நாள் கணக்கின் முதல் நாள். ஆறு வாரத்தில் தென்னாப்பிரிக்கப் படை 12,000 ஆகக் குறைய வேண்டும். ஒன்பது வாரத்தில் 8,000. பன்னிரண்டு வாரத்தில் 1,500. மிச்சமுள்ள அந்த 1,500 பேரும் வடக்கே க்ரூட்ஃபோன்டைன், ஓஷிவெலோ முகாம்களுக்குள் அடங்கி இருக்க வேண்டும். அரசியல் கைதிகள் விடுதலை, வெளிநாட்டில் இருந்தவர்கள் திரும்புதல், பாகுபாட்டுச் சட்டங்கள் நீக்கம், பிரசாரம். ஏறத்தாழ ஏழு மாதத்தில் தேர்தல். வென்றவர்கள் உடனே அரசு அமைக்க மாட்டார்கள்; அரசியல் நிர்ணய சபையாக உட்கார்ந்து முதலில் அரசியலமைப்பை எழுதுவார்கள்.

ஏப்ரல் 25-ல் தென்னாப்பிரிக்கா ஒப்புக்கொண்டது. ஒன்பதே நாளில், மே 4 அன்று, அதன் வான்படையும் பாராசூட் படையும் அங்கோலாவுக்குள் காசிங்காவில் இருந்த ஸ்வாப்போ முகாமைத் தாக்கின. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேச்சு அத்தோடு முறிந்திருக்க வேண்டும். முன்னணி நாடுகளின் வற்புறுத்தலால் ஜூலையில் லுவாண்டாவில் ஸ்வாப்போ சம்மதித்தது.

ஏன் பத்து ஆண்டுகள்?

ஐ.நா. பொதுச்செயலர் குர்ட் வால்ட்ஹைம் ஆகஸ்ட் இறுதியில் செலவும் ஆள்கணக்கும் சேர்த்து அறிக்கை கொடுத்தார்: 7,500 வீரர்கள், அவர்களோடு போலீஸ் கண்காணிப்பாளர்கள். இவ்வளவு பேர் என்று சொல்லவே இல்லையே, போலீஸ் பற்றிப் பேசவே இல்லையே என்று தென்னாப்பிரிக்கா எகிறியது. செப்டம்பர் 20-ல் பிரதமர் போர்ஸ்டர் பதவி விலகலை அறிவித்தபோதே, தாங்களே தனியாகத் தேர்தல் நடத்தப்போவதாகவும் சொன்னார். ஒன்பது நாள் கழித்து 12-க்கு 0 என்று தீர்மானம் 435 நிறைவேறியது. சோவியத் ஒன்றியமும் செக்கோஸ்லோவாக்கியாவும் ஓட்டுப் போடவில்லை, சீனா கலந்துகொள்ளவில்லை. டிசம்பரில் தென்னாப்பிரிக்கா தன் தேர்தலை நடத்தியே விட்டது. ஸ்வாப்போ புறக்கணித்த அந்தத் தேர்தலில், டர்ன்ஹாலே கூட்டத்திலிருந்து உருவான டி.டி.ஏ. கூட்டணி 50-ல் 41 இடம் பெற்றது. ஐ.நா. அதைச் செல்லாது என்றது.

பிறகு வந்தவை சின்னச் சின்ன முட்டுக்கட்டைகள். போர்நிறுத்தம் வரும்போது நமீபியாவுக்குள் இருக்கும் ஸ்வாப்போ வீரர்கள் எங்கே இருப்பது? திட்டத்தில் "தளத்தில் இருக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தது. எந்த நாட்டில் உள்ள தளம் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. 1979-ல் வால்ட்ஹைம், நமீபியாவுக்குள்ளேயே அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுக்கலாம் என்றார். உள்ளே தளமே இல்லாதவர்களுக்குப் புதிதாகத் தளம் கொடுப்பதா என்று தென்னாப்பிரிக்கா மறுத்தது. அந்தத் தெளிவின்மைக்கான விலை பத்து ஆண்டு கழித்து வசூலானது. அதைப் பிறகு பார்க்கலாம்.

ஐ.நா. நடுநிலையானது அல்ல என்பது இன்னொரு புகார். 1981 ஜனவரியில் ஜெனீவாவில் நடந்த கூட்டம் அதைச் சொல்லியே தோற்றது. புகாரில் ஓரளவு நியாயமும் இருந்தது: 1976 முதல் பொதுச்சபை ஸ்வாப்போவை நமீபிய மக்களின் 'ஒரே உண்மையான பிரதிநிதி' என்று அழைத்து நிதியும் கொடுத்துவந்தது. தேர்தல் நடுவர் ஒரு கட்சிக்குப் பணம் கொடுக்கலாமா? தேர்தல் காலத்தில் அந்தச் சலுகைகளை நிறுத்திவைப்பது என்ற புரிதல் 1982-ல் எட்டப்பட்டது.

பெரிய முட்டுக்கட்டை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1981-ல் ரீகன் பதவிக்கு வந்ததும், ஆப்பிரிக்க விவகாரங்களுக்கான துணை வெளியுறவுச் செயலர் செஸ்டர் க்ராக்கர், நமீபியா விடுதலையை அங்கோலாவில் இருந்த கியூபப் படைகளின் வெளியேற்றத்தோடு சேர்த்துக் கட்டினார். இதைத்தான் லிங்கேஜ் என்கிறார்கள். கியூபர்கள் அங்கோலா அரசின் அழைப்பில் வந்தவர்கள். தென்னாப்பிரிக்கா நமீபியாவில் இருப்பது நீதிமன்றமே சட்டவிரோதம் என்று சொன்ன விஷயம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம் என்று ஆப்பிரிக்க நாடுகள் சொன்னதில் தவறே இல்லை. 1983-ல் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 539 வழியாக லிங்கேஜை நிராகரித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பிரான்ஸ் தொடர்புக் குழுவிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவுக்கோ இது கொண்டாட்டம்: கியூபர்கள் போகும்வரை அசையத் தேவையில்லை என்று சொல்ல அமெரிக்க முத்திரையோடு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் கடைசியில் கையெழுத்தானது லிங்கேஜ் வடிவத்தில்தான் என்பதையும் மறைக்க முடியாது. லிங்கேஜ் விடுதலையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது. தென்னாப்பிரிக்கா முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேற வாசலாகவும் அமைந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த மேசையில் உட்கார்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகளை நம்பிச் சொல்கிறார்கள்.

1988-ல் கணக்கு மாறியது

1987 இறுதியிலிருந்து தெற்கு அங்கோலாவில் குய்ட்டோ குவானவாலே நகரைச் சுற்றிக் கடும் போர். தென்னாப்பிரிக்காவாலும், அங்கோலா அரசை எதிர்த்துப் போரிட்ட அதன் கூட்டாளி யுனிட்டாவாலும் ஊரைப் பிடிக்க முடியவில்லை. 1988-ல் கியூபப் படைகள் தென்மேற்கே நமீபிய எல்லையை நோக்கி இறங்கின; வானத்தில் அவர்களுடைய மிக் விமானங்கள். ஆயுதத் தடையால் தென்னாப்பிரிக்காவுக்குப் புதுப் போர் விமானங்கள் கிடைக்கவில்லை. வெள்ளை இளைஞர்களின் சவப்பெட்டிகள் வீடு திரும்புவது உள்நாட்டில் பிரச்சினையாகிக்கொண்டிருந்தது. மறுபக்கம், கோர்பச்சேவின் சோவியத் ஒன்றியம் தூரதேசப் போர்களுக்குச் செலவழித்தது போதும் என்ற முடிவுக்கு வந்திருந்தது. எல்லாத் தரப்புக்கும் தொடர்வதன் செலவு, நிறுத்துவதன் செலவைத் தாண்டிய தருணம் இது.

மே மாதம் லண்டனில் தொடங்கி, கெய்ரோ, நியூயார்க், ஜெனீவா, பிராஸவில் என்று பேச்சு ஊர் ஊராகப் போனது. மேசையில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா, நடுவர் க்ராக்கர், பக்கத்து அறையில் சோவியத் துணை வெளியுறவு அமைச்சர் அனடோலி அடமிஷின் போன்றவர்கள் தங்கள் கூட்டாளிகளைத் தட்டிக்கொடுத்தபடி. நமீபியா விடுதலை பற்றி அதிகம் தர்க்கம் நடக்கவில்லை; அதற்குத்தான் 435 தயாராக இருந்ததே. பேரம் முழுவதும் கியூபப் படை எத்தனை மாதத்தில் போகும் என்பதில்தான். தென்னாப்பிரிக்கா சில மாதங்கள் என்று கேட்டது, மறுதரப்பு ஆண்டுக்கணக்கில் கேட்டது. முடிந்தது 27 மாதத்தில். 1989 ஏப்ரல் 1-க்கு முன் 3,000 பேர். நவம்பர் 1-க்குள் மொத்தம் 25,000. 1991 ஜூலை 1-க்குள் 50,000 பேரும். முன்னும் பின்னுமாக இப்படிப் படி கட்டியதற்குக் காரணம் உண்டு: நமீபியாவில் தேர்தல் நடக்கும் நேரத்தில் பாதிக் கியூபர்கள் போயிருப்பார்கள், மீதிப் பாதி போகாமல் இருப்பார்கள். எந்தத் தரப்பும் தன் கையில் இருப்பதை முழுதாக முதலில் கொடுத்துவிட வேண்டியதில்லை.

1988 டிசம்பர் 22-ல் ஐ.நா. தலைமையகத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு வந்துகொண்டிருந்த நமீபியாவுக்கான ஐ.நா. ஆணையர் பெர்ன்ட் கார்ல்சன் முந்தைய நாள் லாக்கர்பி வானில் வெடித்துச் சிதறிய பான் ஆம் விமானத்தில் இறந்துபோனார். கையெழுத்துப் போட்டவர்களில் ஸ்வாப்போ இல்லை. யாருடைய நாட்டைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களே வெளியே.

முதல் நாளே ரத்தம்

ஐ.நா.வின் நமீபியப் பணிக்குழுவுக்கு அன்டாக் என்று பெயர். தலைவர் பின்லாந்துக்காரரான மார்ட்டி அஹ்டிசாரி. படைத் தளபதி இந்திய ஜெனரல் திவான் பிரேம் சந்த். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பாதுகாப்பு கவுன்சிலின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். படைக்குறைப்பை ஆப்பிரிக்க நாடுகள் எதிர்த்தன. 7,500 என்ற உச்சவரம்பை வைத்துக்கொண்டு 4,650 பேரை மட்டும் அனுப்புவது என்று சமரசம் ஆனது. இந்த இழுபறியில் பட்ஜெட் 1989 மார்ச் 1-ல்தான் நிறைவேறியது. முதல் நாளுக்கு இன்னும் ஒரு மாதம். கப்பலில் வண்டி வர வேண்டும், கூடாரம் வர வேண்டும். ஏப்ரல் 1 வந்தபோது படையின் சிறு பகுதிதான் நமீபியாவில் இருந்தது. வடக்கு எல்லையில் கிட்டத்தட்ட யாரும் இல்லை.

அன்று காலையே நூற்றுக்கணக்கான ஸ்வாப்போ வீரர்கள் அங்கோலாவிலிருந்து வடக்கு நமீபியாவின் ஓவம்போலாந்துக்குள் வந்தார்கள். ஐ.நா. தங்களை உள்ளே தளம் அமைத்து உட்காரவைக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். 1979-ன் பழைய தெளிவின்மை இங்கேதான் வெடித்தது. 1988 ஜெனீவா உடன்பாட்டின்படி அவர்கள் 16-வது அட்சரேகைக்கு வடக்கே இருக்க வேண்டும். ஆனால் அதில் கையெழுத்திட்டவர்கள் அங்கோலாவும் கியூபாவும் தென்னாப்பிரிக்காவும், ஸ்வாப்போ அல்ல. தன் ஆட்களை வைத்துத் தடுக்க முடியாத நிலையில், முகாமில் அடைந்திருந்த தென்னாப்பிரிக்கப் படைப்பிரிவுகள் சிலவற்றை வெளியே விட அஹ்டிசாரி சம்மதிக்க வேண்டியதாயிற்று. சில நாட்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்வாப்போ வீரர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தச் சம்மதத்தை இன்றும் பலர் மன்னிக்கவில்லை. மறுத்திருந்தால் தென்னாப்பிரிக்கா திட்டத்தையே தூக்கி எறிந்திருக்கும் என்பதும் நியாயமான வாதம்தான்.

ஏப்ரல் 8, 9 தேதிகளில் எட்ஜோ மலை வேட்டை விடுதியில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா கூடின. அமெரிக்காவும் சோவியத்தும் பார்வையாளர்கள். ஸ்வாப்போ வீரர்கள் ஐ.நா. தங்களுக்காகக் குறித்த கூடும் இடங்களுக்கு வந்தால் பத்திரமாக அங்கோலாவுக்கு அனுப்பிவைக்கப்படுவார்கள் என்று முடிவானது. பெரும்பாலோர் வரவில்லை. கூடும் இடங்களுக்கு அருகிலேயே தென்னாப்பிரிக்கப் படை நின்றிருந்தால் யார் வருவார்கள்? பிறகு மாத இறுதியில் தென்னாப்பிரிக்கப் படைகள் 60 மணி நேரம் முகாமுக்குள் அடங்கி இருக்க, மிச்சமிருந்தவர்கள் தாங்களாகவே நடந்து எல்லை தாண்டினார்கள். திட்டம் பிழைத்தது.

அடுத்த தலைவலி கூவூட். கிளர்ச்சி எதிர்ப்புக்காக உருவாக்கப்பட்ட போலீஸ் பிரிவு இது. வடக்கில் பெயரைக் கேட்டாலே நடுக்கம். பிரிவைக் கலைப்பதற்குப் பதில் அதன் ஆட்களைச் சாதாரணப் போலீசில் சேர்த்துவிட்டார்கள். கண்ணிவெடி தாங்கும் காஸ்பிர் கவச வண்டிகளில் அவர்கள் புதர்க்காட்டுக்குள் புகுந்து போக, ஐ.நா. போலீஸ் கண்காணிப்பாளர்களிடம் தொடக்கத்தில் அப்படிப்பட்ட வண்டி இல்லை, பின்தொடரவே முடியவில்லை. 1978 திட்டம் படையினரை எண்ணி எண்ணிக் கட்டியிருந்தது. போலீஸ்தான் உண்மையான பிரச்சினை ஆகும் என்பதை யாரும் போதுமான அளவு யோசிக்கவில்லை. கண்காணிப்பாளர் எண்ணிக்கையை 1,500 வரை உயர்த்தினார்கள். அக்டோபர் இறுதியில்தான் மிச்சமிருந்த கூவூட் ஆட்கள் கலைக்கப்பட்டார்கள்.

'திருப்தி' என்ற அந்த நடு ஆணி உண்மையில் வேலை செய்ததைத் தேர்தல் சட்டத்தில் பார்க்கலாம். தலைமை நிர்வாகி லூயி பியெனார் வெளியிட்ட வரைவில், ஓட்டுச்சீட்டை எண் போட்ட உறைக்குள் வைத்து, எல்லாவற்றையும் வின்ட்ஹூக்குக்குக் கொண்டுவந்து எண்ணுவதாக இருந்தது. யார் யாருக்குப் போட்டார்கள் என்று கண்டுபிடிக்கலாம், எண்ணுவதற்கும் பல நாள் ஆகும். அஹ்டிசாரி திருப்தி அடையவில்லை. வாரக்கணக்கில் நடந்த பேரத்துக்குப் பிறகு மாவட்டங்களிலேயே எண்ணுவது என்று மாறியது.

இதற்கிடையே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் திரும்பினார்கள். 7,01,483 பேர் வாக்காளர்களாகப் பதிந்தார்கள். நவம்பர் 1-ம் தேதி, ஸ்வாப்போ வீரர்கள் மீண்டும் எல்லைக்கு வருகிறார்கள் என்று அன்டாக்கின் வானொலிச் செய்திகள் சொல்வதாக பிக் போத்தா அறிவித்தார். அந்தச் செய்திகள் போலி என்று உடனே தெரிந்தது. தேர்தலுக்கு ஆறு நாள் முன்னால்! இந்த முறை எல்லையில் ஐ.நா. ஆட்கள் இருந்ததால் பொய் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. ஸ்வாப்போவுக்கு எதிரான கட்சிகளுக்குத் தென்னாப்பிரிக்கா பத்துக் கோடி ராண்டுக்கு மேல் ரகசியமாகக் கொடுத்தது 1991-ல் வெளியே வந்தது. ஸ்வாப்போவும் கறையில்லாமல் வரவில்லை: உளவாளிகள் என்று குற்றம் சாட்டி அங்கோலாவில் அடைத்து வைத்திருந்த தன் உறுப்பினர்களே திரும்பி வந்து சித்திரவதையைப் பற்றிப் பேசினார்கள்.

நவம்பர் 7 முதல் 11 வரை ஓட்டுப் பதிவு. பதிந்தவர்களில் 97 சதவீதம் பேர் போட்டார்கள். 72 இடத்தில் ஸ்வாப்போ 41, டி.டி.ஏ. 21, மற்ற ஐந்து கட்சிகளுக்கு மிச்சம் பத்து. (1978-ல் டி.டி.ஏ.வுக்குக் கிடைத்த அதே 41, இப்போது எதிர்த்தரப்புக்கு.) ஆனால் அரசியலமைப்பை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 48 வேண்டும். இது 1982-ல் தொடர்புக் குழு எழுதிவைத்த கொள்கைகளில் ஒன்று. அடிப்படை உரிமைகள், தனிச் சொத்துக்குப் பாதுகாப்பு ஆகியவையும் அதில் உண்டு. தனியாக நிறைவேற்ற முடியாததால் ஸ்வாப்போ மற்றவர்களோடு உட்கார்ந்து பேசியது. 80 நாளில், 1990 பிப்ரவரி 9-ல், அரசியலமைப்பு ஒருமனதாக நிறைவேறியது. சொத்துப் பாதுகாப்பின் விலையும் கூடவே வந்தது: காலனிக் காலத்தில் பறிக்கப்பட்ட நிலம் பெரும்பாலும் வெள்ளையர் கையிலேயே தங்கிவிட்டது, அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. மார்ச் 21-ல் ஐ.நா. பொதுச்செயலர் பெரெஸ் டி குயேயார் முன்னிலையில் ஸ்வாப்போ தலைவர் சாம் நுஜோமா குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்.

விடுபட்ட துறைமுகம்

அன்று நமீபியாவுக்குக் கிடைக்காத ஒரு துண்டு உண்டு. நாட்டின் ஒரே ஆழ்கடல் துறைமுகமான வால்விஸ் பே, அதைச் சுற்றி 1,124 சதுர கிலோமீட்டர், கரையோரத் தீவுகள் சில. 1878-ல் பிரிட்டன் தனியாக எடுத்துக்கொண்ட பகுதி இது, ஜெர்மன் காலனியில் சேரவே இல்லை. அதனால் மேண்டேட்டுக்குள்ளும் வரவில்லை என்பது தென்னாப்பிரிக்காவின் வாதம். 1978-ல் இதையும் பேசினால் மொத்தப் பேச்சும் கெட்டுவிடும் என்று ஐவர் குழு ஒதுக்கிவைத்தது. ஸ்வாப்போவைச் சமாதானப்படுத்த, வால்விஸ் பே நமீபியாவோடு சேர வேண்டும் என்று தீர்மானம் 432 தனியாக நிறைவேற்றப்பட்டது. தேதி எதுவும் போடவில்லை. விடுதலைக்குப் பிறகு இரு நாடுகளும் 1992-ல் கூட்டு நிர்வாகம் தொடங்கின. தென்னாப்பிரிக்காவிலேயே நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்த 1993-ல், அங்கு பலகட்சிப் பேச்சு மேசை வால்விஸ் பேயைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது. 1994 மார்ச் 1-ல் துறைமுகமும் தீவுகளும் நமீபியாவின் கைக்கு வந்தன.